மழைக்கும் பனிக்கும் முன்னர்த் தேனீப் பெட்டிகளைச் சித்தம் செய்தல்

தேனீ வளர்ப்பை உபதொழிலாக மேற்கொள்ளும் குடியானவனுக்கு முதல் வருஷத்தில் நேரும் நஷ்டம் பெரும்பாலும் ஒரே விதமானது. பங்குனி, சித்திரை மாதங்களில் பெட்டியின் வாசலில் ஈக்கள் நெரிசலாய்ப் போவதும் வருவதுமாய் இருக்கின்றன. இரண்டு மூன்று முறை தேன் எடுக்கிறான். கையில் காசு புரளுகிறது. ஆனி பிறந்து காற்று வீசத் தொடங்கியதும் ராகி விதைப்பு, களையெடுப்பு முதலிய வேலைகள் வந்துவிடுகின்றன. புரட்டாசி, ஐப்பசி மழையில் பெட்டியைத் திறந்து பார்ப்பாரில்லை. மார்கழி மாதத்தில் ஒருநாட் காலை வாசலில் ஈ நடமாட்டம் இல்லாததைக் கண்டு மூடியைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே நூலாம்படை போன்ற வலை படர்ந்த அடைகளும், அவற்றில் நெளியும் புழுக்களும், அடிப்பலகையில் ஒரு பிடி செத்த ஈக்களுமே மிஞ்சியிருக்கின்றன. ‘இவ்வருஷத்துப் பனி ஈக்களைக் கொன்றுவிட்டது’ என்று சொல்லிப் பெட்டியைத் திண்ணையில் கவிழ்த்துவிடுகிறான். பெட்டி கடனில் வாங்கியதாயின், சங்கத்துக் கணக்கில் தவணை மாத்திரம் நிற்கிறது.

பனி கொன்றது என்பது சரியா என்று முதலில் ஆராயவேண்டும். பாகலூர் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர் மேட்டுநிலத்தைச் சேர்ந்தது. மார்கழி, தை இரவுகளில் இங்கே குளிர் சென்டிகிரேட் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. தமிழ்நாட்டுச் சமவெளிகளில் இவ்வளவு குளிர் காண்பது அரிது. ஆயினும், இங்கே பெட்டிகளில் வளர்க்கப்படும் இதே இந்தியத் தேனீ, காச்மீரத்திலும் இமயமலைச் சரிவுகளிலும் வீட்டு மண்சுவர்களில் விடப்பட்ட பொந்துகளில், வெளியே உறைபனி மூடிக் கிடக்கும் காலத்தும் உயிர்வாழ்கிறது. அங்கே பிழைப்பது பாகலூர்ப் பனியில் மடிவானேன்?

தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் முறையை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். குளிர் மிகுந்தவுடன் அவை அடைகளின் நடுவே நெருங்கி ஒரு பந்துபோல் திரளுகின்றன. வெளிப்புறத்து ஈக்கள் தலையை உள்நோக்கி வைத்து ஓடுபோல் மூடிக்கொள்ள, உட்புறத்தவை சிறகை அசைக்காமலே சிறகுத் தசைகளை நடுங்கச்செய்து சூடு உண்டாக்குகின்றன. புழுக்கள் உள்ள இடத்தை 33 முதல் 36 டிகிரி வரையுள்ள உஷ்ணத்தில் காப்பது அவற்றின் வழக்கம். இந்தச் சூடு அவை உண்ணும் தேனிலிருந்தே பிறக்கிறது. தேன்தான் அவற்றின் விறகு. விறகு உள்ளவரை அடுப்பு எரியும். விறகு தீர்ந்தால் ஒரே இரவில் அணைந்துவிடும். வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் ஒவ்வொரு பெட்டியிலும் 30 கிலோவும் அதற்கு மேலும் தேன் விட்டுவைக்காமல் குளிர்காலத்தை எதிர்கொள்ள எவரும் துணிவதில்லை. பெட்டியைச் சுற்றி வைக்கோலும் காகிதமும் கட்டுவது அங்கேயும் இரண்டாவது காரியமே.

இறந்த பெட்டியை உற்றுநோக்கினால் உண்மை வெளிப்படும். செத்த ஈக்களிற் பல, அடையின் வெற்றறைகளுக்குள் தலையை நுழைத்தபடியே, பின்புறம் மட்டும் வெளியே தெரிய மடிந்திருந்தால், அது பசியின் அடையாளம். அறையின் அடியில் ஒட்டியிருந்த கடைசித் துளியை நக்கிக்கொண்டே அவை மாண்டிருக்கின்றன. செத்த ஈக்களே அதிகமில்லாமல் அடைகள் மாத்திரம் வெறுமையாய் இருந்தால், கூட்டம் பெட்டியை விட்டு ஓடிப்போய்விட்டது என்று அறியலாம். பாகலூர்ப் பக்கத்துக் கன்னட பாஷைக்காரர் ‘துடுவெ’ என்று வழங்கும் நம் இந்தியத் தேனீக்கு இக்குணம் அதிகம். தீனி இல்லாத இடத்தில் கிடந்து சாவதைக் காட்டிலும் வேறிடம் தேடுவதே மேல் என்பது அதன் சுபாவம். இத்தாலியத் தேனீ பசியிலும் பெட்டியைப் பெரும்பாலும் விடாமல் அங்கேயே மடியும். ஆகவே ஒருவனுக்குச் செத்த கூட்டமும், மற்றொருவனுக்கு ஓடிப்போன கூட்டமும் மிஞ்சுகின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சித்திரையில் எடுத்த தேன் அளவுக்கு மிஞ்சியது. ஆவணிக்கு மேல் ஈக்களுக்கு வைத்தது ஒன்றுமில்லை.

ஓடிப்போகும் கூட்டம் முன்னறிவிப்பு இல்லாமல் போவதில்லை. முதலில் காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு திரும்பும் ஈக்கள் குறையும். பிறகு ராணி ஈ முட்டையிடுவதை நிறுத்தும். கடைசிப் புழுவும் ஈயாய் வெளிப்பட்டபின், வெயில் அடிக்கும் ஒரு நாளில் கூட்டம் எழும்பிவிடும். முட்டையிலிருந்து பணி ஈ வெளிவர ஏறக்குறைய 20 நாட்கள் ஆகின்றன. ஆதலால் முட்டை நின்றது முதல் கூட்டம் எழும்பும் வரை இரண்டு மூன்று வாரங்கள் வளர்ப்போன் கையில் இருக்கின்றன. இவ்வாரங்களில் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து பார்த்தவன், ஒரு புட்டி சர்க்கரைப் பாகைக்கொண்டு அதைத் தடுத்திருக்கக் கூடும்.

இனி, பாகலூர்ப் பக்கத்தில் ஈக்களுக்குத் தீனி எப்போது உண்டு, எப்போது இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மாசி முதல் வைகாசி வரை புங்கு, வேம்பு, புளி ஆகிய மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பூக்கின்றன. இதுவே தேன் வரவுக் காலம். ஆனி முதல் காற்றும் தூறலும் ஈக்களைப் பறக்கவிடாமற் செய்கின்றன, மரப்பூவும் குறைகிறது. தென்னையும் மக்காச்சோளமும் மகரந்தம் தருமேயன்றி வயிறு நிரம்பத் தேன் தரா. தைலமரங்கள் பூக்கும் மாதம் ஜாதிக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுவதால் அவற்றை நம்பியிருத்தலாகாது. அடைமழை நாட்களில் பூ இருந்தும் பயனில்லை. மழை பூவிலுள்ள தேனைக் கழுவிவிடுகிறது.

முற்காலத்தில் இக்குறையைத் தீர்த்துவந்தது ராகிக் கொல்லையே. ராகிப் பூவில் தேன் கிடையாது. ஆனால் ஓசூர்ப் பக்கத்துக் குடியானவர் ராகியைத் தனியாக விதைப்பதில்லை. சில சாலுக்கு ஒரு சாலாக அவரை, உச்செள்ளு, கடுகு முதலியவற்றைக் கலந்து விதைப்பர். இதற்கு அக்கடிச் சாலு என்று பெயர். பேயெள்ளு என்று பிற இடங்களில் வழங்கும் இந்த உச்செள்ளு, புரட்டாசி முதல் கார்த்திகை வரையில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து, தேனும் மகரந்தமும் ஒருங்கே தருகிறது. பின்னர் அவரையும் கொள்ளும் பூக்கின்றன. வரப்போரங்களில் தும்பை பூக்கிறது. வீட்டுத் தேவைக்கு எண்ணெயும் மொச்சையும் வேண்டுமென்று பாட்டனார் விதைத்த அந்த ஒரு சாலு, யாரும் நினையாமலே தேனீக்களின் குளிர்காலக் களஞ்சியமாகவும் இருந்தது.

இப்போது அக்கொல்லைகள் பல இடங்களில் தக்காளி, கோஸ், குடமிளகாய்த் தோட்டங்களாகவும், ரோஜா வளர்க்கும் பாலிதீன் கூடாரங்களாகவும், வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. பிப்ரவரி மாதத்துக் காதலர் தினத்திற்கென்று ஓசூர், பாகலூர், பேரிகைப் பக்கங்களிலிருந்து ரோஜா மலர்கள் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. இவ்வளவு பூ விளையும் ஊரில் தேனீ பட்டினி கிடக்குமா என்று புதியவர் வியக்கலாம். கிடக்கும். ரோஜாவில் தேன் கிடையாது. உள்ள மகரந்தமும் அடுக்கிதழ்களுக்குள் மறைந்திருக்கிறது. அன்றியும், கொத்து ரோஜா மொட்டாய் இருக்கையிலேயே அறுக்கப்படுவதால், ஈ வந்து உட்காரும்படி அது மலர்வதே இல்லை. கூடாரத்தின் வலையைத் தாண்டி ஈ உள்ளே புகுமாயின் அதற்குக் கிடைப்பது பூச்சிமருந்துதான். பூக்கள் நிறைந்த ஊர் என்பதை நம்பிப் பெட்டி வைப்பவர் இதனை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும்.

ஆகவே பெட்டியைப் பனிக்குச் சித்தம் செய்யும் வேலை மார்கழியில் தொடங்குவதன்று; ஆனி, ஆடியிலேயே தொடங்குவது. ராகியோ காய்கறியோ எது பயிரிட்டாலும், வரப்போரமாக இரண்டு சாலு உச்செள்ளும் அவரையும் விதைத்துவைப்பது முதற் காரியம். விதைச் செலவு சொற்பம். அந்த வரப்பில் மருந்து தெளிக்காதிருத்தல் வேண்டும்.

அடுத்தது, தேன் எடுப்பதை எப்போது நிறுத்துவது என்பது. பெட்டியின் மேலறையில் சேரும் தேன் வளர்ப்போனுக்கு, அடியறையிலுள்ளது ஈக்களுக்கு. இது பெட்டி செய்தவர்கள் வகுத்த ஏற்பாடு. தென்னிந்தியாவில் இப்போது வழங்கும் சிறு பெட்டி, திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குப் பயிற்சி அளித்த காலத்தில், நம் நாட்டு ஈயின் அளவுக்குத் தக்கபடி ஏழு சட்டங்கள் கொண்டதாக அமைத்தது. அதற்கு முன்னர்ப் பானையிலோ பொந்திலோ இருந்த கூட்டைப் பிழிந்தால் தேனோடு புழுவும் குஞ்சும் சேர்ந்தே நசுங்கும். சட்டங்களைத் தனித்தனியே கழற்றி, இயந்திரத்தில் சுழற்றித் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு அடையைத் திருப்பி வைக்கலாம் என்ற வசதி வந்தபின், அந்த வசதியே வேறொரு ஆசைக்கு இடங்கொடுத்தது. மேலறை காலியானதும் அடியறைச் சட்டத்தையும் இயந்திரத்தில் இட்டுச் சுழற்றுவோர் உண்டு. அதனால் கிடைப்பது அரைக்கிலோவோ ஒரு கிலோவோ, போவது கூட்டம். வைகாசி இறுதிக்கு மேல் மேலறைத் தேனையும் முழுதும் எடுத்துவிடாமல், அடியறை இருப்பைச் சோதித்த பிறகே எடுப்பது நலம். அடியறையின் ஒவ்வொரு அடையிலும் மேற்பாகத்தில் மூன்று விரற்கடை அகலத்திற்கு மெழுகு மூடிய தேன் இருக்கவேண்டும். ஓர அடைகள் இரண்டும் அனேகமாகத் தேனால் நிறைந்திருந்தால் இன்னும் நலம். நாள்தோறும் பெட்டியைத் திறக்க வேண்டுவதில்லை. பின்புறத்தை ஒரு கையால் சற்றே தூக்கிப் பார்த்துப் பழகியவனுக்குக் கனத்திலேயே இருப்புத் தெரிந்துவிடும்.

ஆவணி முடிவில், வெயில் உள்ள ஒரு நாட் பகலில், பெட்டியை முழுதும் பரிசோதிக்கவேண்டும். மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: ராணி முட்டையிடுகிறதா, எத்தனை அடைகளை ஈக்கள் மூடியிருக்கின்றன, தேன் எவ்வளவு. முட்டைகள் ஓர் ஒழுங்காய், அறைக்கு ஒன்றாய் இருந்தால் ராணி நல்லது. புழுக்கள் சிதறலாகவும், நடுநடுவே வெற்றறைகளாகவும் இருந்தால் ராணி கிழடு என்றோ நோய் உண்டு என்றோ கருதவேண்டும். நோயின் விஷயம் சிறிது விரிவாகச் சொல்லத் தக்கது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. 1920-களில் கிராம புனருத்தாரண நிலையம் தோன்றித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய மார்த்தாண்டம் பிரதேசமும் அதற்குத் தப்பவில்லை. இந்நோய் கண்ட புழு மூடப்பட்ட அறையில் நிமிர்ந்தபடியே இறந்து, நீர் நிறைந்த சிறு பைபோல் ஆகிவிடும். ஊசிமுனையால் தூக்கினால் பையாகவே வரும். இதற்கு மருந்து கிடையாது. பலமான, பசியில்லாத கூட்டங்கள் பல சமயங்களில் தாமே தேறுகின்றன; மெலிந்தவை போய்விடுகின்றன. ஆகையால் சந்தேகப்பட்ட பெட்டியின் அடையை வேறு பெட்டியில் வைப்பதும், அதன் ஈக்களைப் பிறவற்றோடு சேர்ப்பதும், அதைத் தொட்ட கையையும் கத்தியையும் கழுவாமல் அடுத்த பெட்டிக்குச் செல்வதும் கூடா.

நோயில்லாமல் ஈத்தொகை மட்டும் குறைந்த கூட்டத்தை மற்றொன்றோடு சேர்த்துவிடுவதே புத்தி. இதற்குப் பலருக்கும் மனம் வருவதில்லை. நான்கு பெட்டி வைத்திருப்பவன் மூன்றாக்கச் சம்மதிப்பதில்லை. இரண்டு மூன்று அடைகளை மட்டுமே மூடக்கூடிய கூட்டம் மழைக்காலத்தில் தன் புழுக்களுக்குச் சூடு கொடுக்கமாட்டாது. அடைகளைப் பூச்சியினின்றும் காக்கமாட்டாது. இப்படிப்பட்ட இரண்டு கூட்டங்கள் தனித்தனியே தை மாதத்தைக் காண்பது அரிது. சேர்ந்தால் ஒன்றேனும் காணும். தையில் பலமாயிருக்கும் ஒரு கூட்டத்தை மாசி, பங்குனியில் மறுபடி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். சேர்க்கும் முறை கடினமன்று. இரு பெட்டிகளையும் நாளொன்றுக்கு ஓரடியாக நகர்த்தி அருகருகே கொண்டுவரவேண்டும்; ஒரேயடியாக நகர்த்தினால் வெளியே சென்ற ஈக்கள் பழைய இடத்திற்கே திரும்பித் தவிக்கும். பிறகு மெலிந்த கூட்டத்தின் ராணியை முதல்நாள் எடுத்துவிட்டு, மறுநாள் மாலை பலமான கூட்டத்தின் அடியறைமேல் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, குண்டூசியால் சில துளைகள் இட்டு, அதன்மேல் மற்ற அறையை வைக்கவேண்டும். ஈக்கள் இரண்டொரு நாளில் காகிதத்தைக் கடித்துத் துகளாக்கி வெளியே தள்ளுவதற்குள் ஒன்றன் வாசனை மற்றொன்றிற்குப் பழகிவிடும். காகிதமில்லாமல் நேரே சேர்த்தால் சண்டையிட்டு மடியும்.

பெட்டியைக் கட்டுக்கோப்பாக்குவது அடுத்த வேலை. மேலறை காலியாயிருந்தால் எடுத்துவிடவேண்டும். பத்துப்பேர் உள்ள குடும்பத்திற்குச் சத்திரம் போன்ற வீடு இருந்தால் அடுப்புச் சூடு எப்படி நிற்கும்? ஈக்கள் மூடாத வெற்றடைகளையும் வெளியே எடுத்து, ஒரு தடுப்புப் பலகையை உள்ளே நிறுத்தி இடத்தைக் குறுக்கவேண்டும். வாசலை இரண்டு மூன்று ஈ புகும் அளவுக்குச் சிறிதாக்கவேண்டும். இதனால் குளிர்காற்றும் குளவியும் பிற கூட்டத்துத் திருட்டு ஈக்களும் ஒருங்கே தடைப்படும். பலகைப் பிளவுகளைச் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசவேண்டும். இத்தாலியத் தேனீ மரப்பிசின் கொணர்ந்து பிளவுகளைத் தானே அடைத்துக்கொள்ளும். நம் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. ஆதலால் இவ்வேலை வளர்ப்போனுடையது. இதற்காகப் பெட்டியைக் காற்றே புகாமல் முழுதும் மூடிவிடுதலும் தவறு. ஈக்களின் மூச்சிலிருந்தும் பாகிலிருந்தும் எழும் ஈரம் மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாய்க் கூடி, அவற்றின்மேலேயே சொட்டும். குளிர்ந்த ஈரம் வறண்ட குளிரினும் கொடியது. மூடிக்கும் சட்டங்களுக்கும் இடையில் ஒரு சாக்குத் துண்டை மடித்துப் போட்டால் அது ஈரத்தை உறிஞ்சும்; வாரந்தோறும் அதை வெயிலில் உலர்த்திப் போடலாம். பெட்டியை முன்புறம் சற்றுச் சாய்வாக வைத்தால் உள்ளே சேரும் நீர் வாசல் வழியே வடியும். கூரைமேல் தென்னங்கீற்றோ கோரையோ வேய்ந்து, வாசலைக் கிழக்கு நோக்கி வைத்தால், மழைச் சாரலுக்கு ஒதுக்கமும் காலை இளவெயிலும் கிடைக்கும். நாற்காலிக் கால்களை நீர் வார்த்த கிண்ணங்களில் நிறுத்துவது எறும்புக்காக. ஆனால் மழையில் நிரம்பி வழியும் கிண்ணமும், பனிக்காலத்தில் வற்றிய கிண்ணமும் எறும்பைத் தடுக்கா என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஒரு புல் சாய்ந்து காலைத் தொட்டாலும் அது எறும்புக்குப் பாலமாகும்.

இருப்புத் தேன் போதாதென்று கண்டால் சர்க்கரைப் பாகு கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மழைக்கு முன்னர்ச் சேமித்துவைப்பதற்காகக் கொடுக்கும் பாகு கெட்டியாயிருக்கவேண்டும்: சர்க்கரை இரண்டு பங்கு, நீர் ஒரு பங்கு. மழைக்காலத்தில் அன்றாடப் பசிக்குக் கொடுப்பது சம எடையாயிருக்கலாம். நீரைக் கொதிக்கவைத்து அடுப்பினின்றும் இறக்கிய பிறகே சர்க்கரையைக் கரைக்கவேண்டும். சர்க்கரையோடு சேர்த்துக் காய்ச்சிக் கருகவிட்டால் ஈக்களுக்குக் கெடுதி. வெல்லம், கருப்பட்டி முதலியவை மலிவென்று கொடுப்பதும் கூடாது. அவற்றிலுள்ள கசடு, வெளியே பறந்துபோய் மலங்கழிக்க முடியாத மழைநாட்களில் ஈக்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கடையில் வாங்கிய தேனும் கூடாது. அதன்மூலம் பிற ஊர்க் கூட்டத்தின் நோய் வந்து சேரலாம். வாரத்திற்கு ஒரு பெட்டிக்கு 200 கிராம் சர்க்கரை என்பது நம் தேனீக்குச் சாதாரணமாகப் போதும் அளவு. பன்னிரண்டு வாரங்கள் கொடுத்தாலும் இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும். புதிதாய் ஒரு கூட்டம் வாங்கும் விலையோடு இச்செலவை ஒப்பிட்டுப் பார்ப்பவர் சர்க்கரைக்குத் தயங்கமாட்டார்.

சிறு தகர டப்பாவின் மூடியில் ஆணியால் நாலைந்து நுண்ணிய துளைகள் இட்டு, பாகு நிரப்பிச் சட்டங்களின்மேல் கவிழ்த்துவைத்தால், ஈக்கள் கீழிருந்தே உறிஞ்சும். கொட்டாங்கச்சியில் பாகு ஊற்றி, ஈக்கள் மூழ்காமல் நிற்க வைக்கோல் துண்டுகள் போட்டு, காலியான மேலறையை மறுபடி பொருத்தி அதனுள் வைப்பதும் உண்டு. எம்முறையாயினும், கொடுப்பது பொழுது சாய்ந்த பின்னரே இருக்கவேண்டும். ஒரு துளியும் வெளியே சிந்தலாகாது. பகலில் கொடுத்தால் வாசனை பிடித்துப் பலமான கூட்டத்து ஈக்கள் மெலிந்ததைக் கொள்ளையடிக்க வரும். கொள்ளை தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாலையில் கொடுப்பதே இதற்குப் பரிகாரம்.

இவ்விஷயத்தில் சங்கத்தின் மானமும் அடங்கியிருக்கிறது. பாகு கொடுக்கும் காலத்தில் பெட்டியில் சேருவது தேனன்று; சர்க்கரையே. அதை எடுத்துத் தேனென்று விற்பது கலப்படம். சில்லறை விற்பனையில் இது தெரியாமற் போகலாம். சங்கத்தின் பேரால் சேர்த்து விற்கும்போது ஒருவருடைய கலப்படம் அனைவருடைய டின்னையும் கெடுக்கும். தேன் வரவு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே பாகை நிறுத்திவிட்டு, அதன் பின்னரே மேலறையைப் பொருத்தவேண்டும்.

வெளியே எடுத்த வெற்றடைகளை என்ன செய்வது என்று கேட்பது வழக்கம். அவற்றை வீட்டு மூலையில் போட்டுவைத்தால் ஒரு மாதத்தில் மெழுகுப் பூச்சியின் புழு தின்று வலையாக்கிவிடும். ஈக்கள் ஒரு அடை கட்டுவதற்குத் தேனையே உண்டு மெழுகாக மாற்றவேண்டியிருப்பதால், ஒவ்வொரு நல்ல அடையும் அடுத்த வருஷத்துத் தேனில் ஒரு பங்கு என்று எண்ணவேண்டும். கறுத்துப்போன பழைய அடைகளை உருக்கி மெழுகாக்கிவிடலாம். வெளுப்பான அடைகளை இறுக மூடக்கூடிய ஒரு பெட்டியில் அடுக்கி, கந்தகப் புகை காட்டி, காகிதம் ஒட்டி மூடிவைத்தால் மாசி வரையில் கெடாது. பூச்சியின் முட்டைகள் புகைக்குத் தப்புவதுண்டாகையால் இரண்டு மூன்று வாரங்கள் கழித்து ஒருமுறை திரும்பவும் புகை காட்டவேண்டும். ஈக்கள் வாழும் பெட்டிக்கு இப்புகை ஆகாது. அங்கே வாரம் ஒருமுறை அடிப்பலகையில் விழுந்துகிடக்கும் மெழுகுத் தூளைத் துடைத்தெடுப்பதே மருந்து. நம் தேனீ பழைய அடையைக் கடித்துக் கீழே தள்ளும் வழக்கமுடையது. அத்தூளிலேதான் பூச்சி முதலில் குடியேறுகிறது.

இவ்வளவும் செய்து முடித்தபின், கார்த்திகை முதல் தை வரை வளர்ப்போன் பெட்டியை அதிகமாகத் தொடாதிருத்தல் வேண்டும். அவசியமாயின் வெயில் ஏறிய நடுப்பகலில், ஐந்து நிமிஷத்திற்குள் பார்த்து மூடவேண்டும். திறந்த ஒவ்வொரு முறையும் பல மணி நேரத்துச் சூடு வெளியே போகிறது. அதை மீட்க ஈக்கள் மீண்டும் தேனைச் செலவிடவேண்டும். வாசலை வெளியிலிருந்து பார்த்தே பெரும்பாலானவற்றை அறியலாம். வெயில் வந்தபின் ஈக்கள் மகரந்தத்தோடு திரும்பினால் உள்ளே ராணியும் புழுவும் நலம்.

சங்கத்துப் பஞ்சாயத்தார் யோசிக்கத் தக்க விஷயங்களும் சில உண்டு. தேனீப் பெட்டிக்குக் கொடுக்கும் கடன் பெட்டியின் விலையோடு நின்றுவிடுகிறது. பெட்டியைத் தை வரை உயிரோடு வைக்கும் சர்க்கரைக்கு அதில் இடமில்லை. கறவைமாட்டுக் கடன் கொடுக்கும்போது தீவனத்தை நினைப்பவர்கள் ஈக்கு மட்டும் தீனி வேண்டாம் என்பது பொருந்தாது. பத்துப் பெட்டிகளுக்கு ஒரு பருவத்தில் 25 கிலோவுக்கு மேல் வேண்டியதில்லை. அதைச் சங்கமே மொத்தமாக வாங்கி, ஆவணியில் அங்கத்தினர்களுக்குக் கடனாகப் பகிர்ந்து கொடுக்கலாம். தவணை வைக்கும் மாதமும் முக்கியம். தவணை ஐப்பசியிலோ மார்கழியிலோ விழுந்தால், கையில் வேறு காசில்லாதவன் அடியறைத் தேனைச் சுழற்றித்தான் கட்டுவான். தவணை வசூலாகும், ஈடு அழியும். சித்திரை, வைகாசியில், தேன் விற்ற கையோடு தவணை விழும்படி வைத்தால் இரண்டும் நிலைக்கும். பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டக்காரர்களுடனும் கூடாரக்காரர்களுடனும் தனியொரு குடியானவன் பேசினால் காதில் ஏறாது. சங்கத்தின் பேரால் கேட்டால், தெளிக்கும் நாளை முன்கூட்டித் தெரிவிக்கவும், ஈக்கள் திரும்பிய பின்னர் மாலையில் தெளிக்கவும் சம்மதிக்கக் கூடும். தெரிவித்த நாளன்று பெட்டி வாசலைக் கம்பிவலையால் மூடி, உள்ளே நீர் வைத்து நிழலில் விடுவதே போதுமானது.

ஒவ்வொரு அங்கத்தினரும் ஒரு சிறு நோட்டில் தம் கிராமத்தில் எந்த மரம், எந்தப் பயிர், எந்த வாரத்தில் பூத்தது, பெட்டியின் கனம் அப்போது ஏறியதா இறங்கியதா என்பதை எழுதிவருவது நன்று. பாகலூருக்கும் பேரிகைக்கும் நடுவிலேயே மழையும் பூவும் மாறுகின்றன. ஒரு கிராமத்து மாதக் கணக்கு அடுத்த கிராமத்திற்கு அப்படியே பொருந்தாது. மேலே சொன்ன மாதங்கள் பொதுவானவை. கனம் இறங்கத் தொடங்கிய வாரம் எதுவோ, அதுவே அவரவர் பெட்டிக்குப் பாகு கொடுக்கத் தொடங்கவேண்டிய வாரம்.